கேள்வி எப்படியோ, ஆடிட் அப்படி

உணவகச் சமையலறைகள், தொழிற்சாலை கேன்டீன்கள், விடுதி மெஸ்கள் ஆகியவற்றில் உணவுப் பாதுகாப்பு ஆடிட் செய்வது என் தொழில். கிளிப்போர்டும் பேனாவும் போய் கைக்கு டேப்லெட் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் பல நிறுவனங்களில் மாறியிருப்பது கருவி மட்டும்தான். காகிதத்தில் இருந்த செக்லிஸ்ட்டை அப்படியே தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஆம் / இல்லை’ என்று இரண்டு பொத்தான்களை வைத்துவிடுகிறார்கள். அறிக்கை உடனுக்குடன் வந்து சேர்கிறது. ஆனால் சமையலறையில் என்ன நடக்கிறது என்பது அதற்குள் வருவதில்லை. படிவம் வடிவமைக்கத் தொடங்கும் இளம் ஆடிட்டர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “எந்த ஆப் நல்லது?” என்பது. எந்த ஆப்பாக இருந்தாலும், ஒவ்வொரு வரிக்கும் எந்த வகைக் கேள்வியைப் போடுகிறோம் என்பதில்தான் ஆடிட்டின் தரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியின் வகை, பதிலைப் பதிவு செய்யும் முறை மட்டும் அல்ல. ஆடிட்டர் அந்த இடத்தில் நின்று என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. ‘ஆம் / இல்லை’ கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டு நகர்வார். எண் கேட்டால் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுப்பார். தேதி கேட்டால் பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் படிப்பார். படம் கேட்டால் மேசைக்கு அடியில் குனிவார். எனவே ஒரு வரியை எழுதுவதற்கு முன், இந்த இடத்தில் ஆடிட்டரின் கையும் கண்ணும் என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பேன். பதில் வந்த பிறகு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே யோசிப்பேன். பதிலை வைத்து யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்றால் அந்த வரி படிவத்தில் இருக்கத் தேவையில்லை.

ஆம், இல்லை, பிறகு இன்னும் இரண்டு

‘ஆம் / இல்லை’ கேள்வியை ஒதுக்கச் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்களுக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. உரிமம் கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா? பூச்சி கொல்லும் விளக்கு எரிகிறதா? குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை கோப்பில் இருக்கிறதா? இவற்றுக்கு வேறு வகை எதற்கு?

சிக்கல், ஒரே வரியில் இரண்டு மூன்று விஷயங்களை அடைக்கும்போது வருகிறது. “கை கழுவும் இடத்தில் சோப்பு, தண்ணீர், கை துடைக்கும் காகிதம் உள்ளனவா?” என்ற வரி ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் இருக்கிறது. சோப்பு இருக்கிறது, தண்ணீர் வருகிறது, காகிதம் மட்டும் தீர்ந்துவிட்டது. ஆடிட்டர் எதை அழுத்துவார்? நல்ல மனம் உள்ளவர் ‘ஆம்’ என்பார், கறாரானவர் ‘இல்லை’ என்பார். இரண்டு பதிலும் நியாயமானவைதான், ஆனால் அவற்றைக் கூட்டிப் போட்டால் கிடைக்கும் கணக்குக்குப் பொருள் இல்லை. இந்த மாதிரி இடத்தில் நான் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். “கை கழுவும் இடத்தில் எது இல்லை?” என்று கேட்டு, சோப்பு, ஓடும் தண்ணீர், கை துடைக்க வசதி, காலால் திறக்கும் குப்பைத்தொட்டி, ‘எல்லாம் இருக்கின்றன’ என்று பல தேர்வாகக் கொடுத்துவிடுவேன். இப்போது மேலாளருக்குப் போகும் தகவல், ‘கை கழுவும் வசதி சரியில்லை’ என்ற மொட்டையான வரி அல்ல. காகிதம் வாங்கி வைக்க வேண்டும் என்ற வேலை.

விடைகளின் திசையையும் கவனிக்க வேண்டும். ஒரு வரியில் ‘ஆம்’ என்றால் நல்லது, அடுத்த வரியில் ‘ஆம்’ என்றால் கெட்டது என்று மாறி மாறி வந்தால், வேகமாகப் போகிற கை தவறாகத்தான் அழுத்தும். “தரை உலர்ந்திருக்கிறதா?” என்பதற்கு அடுத்து “எலி எச்சம் காணப்பட்டதா?” என்று வைக்கக் கூடாது. அதனால் பெரும்பாலான வரிகளில் நான் ‘ஆம் / இல்லை’ என்ற சொற்களையே விட்டுவிட்டு ‘சரி / சரியில்லை’ என்று வைக்கிறேன். கேள்வி எப்படி அமைந்தாலும் பொத்தானின் பொருள் மாறாது.

இந்த இரண்டோடு இன்னும் இரண்டு விடைகள் வேண்டும். ‘பொருந்தாது’ என்பது ஒன்று. சைவ உணவகத்தில் இறைச்சி வெட்டும் பலகையைப் பற்றிக் கேட்டால் அதுதான் பதில். இது பெரும்பாலான படிவங்களில் இருக்கும். நான்காவதை அநேகமாக எங்குமே பார்க்க முடிவதில்லை: ‘பார்க்க முடியவில்லை’. நான் போகும் நேரத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடவில்லை. ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார். இந்த நான்காவது விடை இல்லாத படிவத்தில் இவையெல்லாம் ‘சரி’ என்றோ ‘பொருந்தாது’ என்றோ பதிவாகி மறைந்துபோகும். ‘பொருந்தாது’ என்ற வரியை மதிப்பெண்ணின் மொத்தத்திலிருந்தே எடுத்துவிடலாம். ‘பார்க்க முடியவில்லை’ என்பதை அப்படி எடுக்கக் கூடாது. அறிக்கையின் முதல் பக்கத்தில் தனிப் பட்டியலாக வர வேண்டும், அடுத்த வருகையில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஒரே ஸ்டோர் ரூம் தொடர்ந்து பார்க்க முடியாமலே போகிறது என்றால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

எண் கேட்க வேண்டிய இடத்தில் எண்ணைக் கேளுங்கள்

எனக்கு மிகவும் அழுத்தமான கருத்து உள்ள இடம் இது. வெப்பநிலையைப் பற்றி ‘சரியா, இல்லையா’ என்று கேட்கும் படிவத்தை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஒரு பெரிய கேன்டீனில் வாக்-இன் கூலருக்கு முன் நின்றோம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பரபரப்பு. காய்கறித் தட்டுகளும் தயிர் வாளிகளும் வெளியே போய்க்கொண்டே இருந்ததால் கதவு மூடின பாடில்லை. வெளியே சுவரில் இருந்த டிஸ்ப்ளே 4 டிகிரி காட்டியது. கூடவே வந்த சூப்பர்வைசர், “மேடம், நாலுதானே காட்டுது, நோட் பண்ணிக்கலாமா?” என்றார். “பண்ணிக்கலாம் தம்பி. அது காத்தோட சூடு. தயிரோட சூடு எவ்வளவுன்னு அதையும் பார்த்துடுவோம்” என்று சொல்லி, தெர்மாமீட்டரின் ஊசியைத் துடைத்துக் கதவோரத்து வாளிக்குள் செருகினேன். எண் நிலைத்து நிற்க சற்று நேரம் பிடித்தது. 9.6. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியைத் தானே தூக்கி உள்ளே, மின்விசிறிக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தார்.

முந்தைய மாதங்களின் ஆடிட் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், “குளிர்பதன வெப்பநிலை சரியாக உள்ளதா?” என்ற வரிக்கு நேராக எல்லா மாதமும் ‘ஆம்’. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். குளிர்ச்சியான உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், சூடான உணவு 60-க்கு மேலே இருக்க வேண்டும், இடைப்பட்டது ஆபத்து மண்டலம் என்று பயிற்சி வகுப்பில் எல்லோரும் படித்தவர்கள்தான்.

அந்த ஒரு வரி இப்போது என் படிவத்தில் மூன்றாகிவிட்டது. டிஸ்ப்ளே காட்டும் எண், உணவுக்குள் அளந்த எண், அளந்த உணவு எது என்ற ஒற்றைத் தேர்வு (பால், தயிர், மாவு, வெட்டிய காய், மசாலா தடவிய இறைச்சி). இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிவமே கணக்கிட்டுக்கொள்ளும். வித்தியாசம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் கதவின் ரப்பர் பட்டையையும் சென்சார் இருக்கும் இடத்தையும் பார்க்கச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவுக்குத் தகவல் போகும்.

எண் வகையை அமைக்கும்போது கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் எல்லை. எந்தச் செயலியிலும் ‘இதற்குக் கீழே, இதற்கு மேலே ஏற்காதே’ என்று கட்டுப்பாடு போடலாம். பலர் அங்கே விதிமுறையின் எல்லையைப் போட்டுவிடுகிறார்கள். குளிர்பதனம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஆகவே படிவம் 5-க்கு மேல் ஏற்காது. விளைவு? 9.6 என்று தட்டினால் சிவப்பு எழுத்தில் ‘தவறான பதிவு’ என்று வரும். வரிசையில் இன்னும் எத்தனையோ கேள்விகள் காத்திருக்க, ஆடிட்டர் 5 என்று போட்டுவிட்டு நகர்வார். எந்தக் குறையைப் பிடிக்க வேண்டும் என்று படிவம் உருவானதோ, அந்தக் குறையைப் படிவமே உள்ளே விடாமல் கதவடைக்கிறது.

எனவே இரண்டு எல்லைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நடக்கவே முடியாத எண்ணைத் தடுக்கும் எல்லை. கூலருக்கு மைனஸ் 10 முதல் 50 வரை ஏற்கலாம். 96 என்று வந்தால் அது புள்ளி விட்டுப்போன 9.6. மற்றொன்று விதிமுறையின் எல்லை. அது பதிவைத் தடுக்கக் கூடாது. அதைத் தாண்டினால் அடுத்த கேள்விகளைத் திறக்க வேண்டும்: உணவை என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், மறுபடி அளந்தபோது எவ்வளவு.

டீப் ஃப்ரீசரில் இன்னொரு நுணுக்கம். உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். சில போன்களின் எண் விசைப்பலகையில் மைனஸ் குறி இருக்காது, அல்லது வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கும். அவசரத்தில் 18 என்று பதிவாகிவிடும். ஃப்ரீசருக்கான வரியில் எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் “மைனஸ் போட்டீர்களா? ஃப்ரீசர் நின்றுபோயிருக்கிறதா?” என்று தேர்வு கேட்கும் ஒரு வரியைத் திறந்துவிடுங்கள். படிவத்தைக் களத்துக்கு அனுப்புமுன் ஆடிட்டர்கள் வைத்திருக்கும் அதே மாடல் போனில் மைனஸ் அடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

அளக்கும் கருவி எதைத் தருகிறதோ அதையே கேட்க வேண்டும். காய்கறியையும் பழங்களையும் கழுவ 50 பிபிஎம் குளோரின் கலந்த நீர் பயன்படுத்தச் சொல்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. அதைச் சோதிக்கும் காகிதப் பட்டை நிறத்தை மட்டும்தான் காட்டும். டப்பாவில் அச்சிட்ட சில நிறக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அங்கே எண் கேட்டால் ஆளாளுக்கு 45, 60 என்று மனத்தில் பட்டதை எழுதுவார்கள். அந்தப் பட்டையில் உள்ள கட்டங்களையே ஒற்றைத் தேர்வாகக் கொடுத்துவிட வேண்டும். பொரிக்கும் எண்ணெய்க்கு நேர் எதிர். மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. மீட்டர் வைத்திருப்பவர்கள் சதவீதத்தை எண்ணாகவே பதிய வேண்டும். இன்று 22 என்று தெரிந்தால், வடைச்சட்டி எண்ணெயை எப்போது மாற்றப் போகிறோம் என்று மாஸ்டரோடு இன்றே பேசலாம். ‘சரி’ என்ற பதில் அந்தப் பேச்சுக்கு வழிவிடாது.

அசைவம் வெந்ததா என்பதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் செக்லிஸ்ட் மூன்று வழி தருகிறது. துண்டின் மையத்தில் 65 டிகிரியில் 10 நிமிடம், 70-ல் 2 நிமிடம், அல்லது 75-ல் 15 நொடி. முதல் இரண்டையும் கேட்க வேண்டும் என்றால் வெப்பநிலைக்கு ஒரு வரி, நேரத்துக்கு ஒரு வரி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஒன்று என்று படிவம் கனத்துவிடும். அடுப்படியில் 10 நிமிடம் ஊசியோடு நிற்க முடியாது. ஆடிட் படிவத்துக்கு நான் மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன். ஒரே எண், 75.

ஒன்று முதல் ஐந்து வரை

மதிப்பீட்டு அளவுகோல் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். “சமையலறையின் தூய்மை: 1 முதல் 5 வரை.” நான் இதை முடிந்தவரை தவிர்க்கிறேன். 3-க்கும் 4-க்கும் என்ன வித்தியாசம் என்று படிவத்தில் எழுதப்படவில்லை என்றால், அது ஆடிட்டரின் அன்றைய மனநிலையில் இருக்கிறது. பழக்கமான இடத்துக்கு 4 விழும், மனத்தாங்கல் உள்ள இடத்துக்கு 3 விழும், ஒன்றும் ஐந்தும் யாருக்கும் கிடைக்காது.

சில விஷயங்களுக்குப் படிநிலை தேவைதான். கழிவுநீர்ச் சாக்கடை என்றால் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு முடிவதில்லை. அப்போது மூன்று படிகள் போதும், ஒவ்வொரு படிக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய வர்ணனை வேண்டும். ‘மூடி உள்ளது, நீர் ஓடுகிறது, படிவு இல்லை’. ‘நீர் ஓடுகிறது, ஓரங்களில் எண்ணெய்ப் படிவு உள்ளது’. ‘நீர் தேங்கி நிற்கிறது அல்லது மூடி இல்லை’. இதை அளவுகோல் வகையில் அமைக்காமல் ஒற்றைத் தேர்வாகவே அமையுங்கள். கூகுள் ஃபார்ம்ஸின் நேர்க்கோட்டு அளவுகோலில் இரண்டு முனைகளுக்கு மட்டும்தான் பெயர் எழுத முடியும். நடுவில் இருப்பவை வெறும் எண்ணாகவே நிற்கும்.

பல தேர்வில் இருக்கும் பொறி வேறு. “பூச்சி, எலி நடமாட்டத்தின் அடையாளங்கள்” என்று கேட்டு கரப்பான், ஈ, எலி எச்சம், கடித்த மூட்டை என்று பட்டியல் கொடுக்கிறோம். எதையும் தொடாமல் விட்டிருந்தால் அதற்கு என்ன பொருள்? தேடிப் பார்த்து ஒன்றும் இல்லையா, அந்த வரியைப் பார்க்கவே இல்லையா? வெறும் பெட்டிகள் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ‘தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லை’ என்று ஒரு விடையைச் சேர்த்து, அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டும். ‘எதுவும் இல்லை’யும் ‘கரப்பான்’ விடையும் சேர்ந்து அழுத்தப்படாமல் தடுக்கும் கட்டுப்பாட்டையும் போட வேண்டும். பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ இருக்கட்டும், பக்கத்தில் எழுத ஒரு வரியும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த ‘மற்றவை’களைப் படித்துப் பாருங்கள். பல்லி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதைப் பட்டியலில் ஏற்றும் நேரம் வந்துவிட்டது.

திறந்த எழுத்துப் பதிலை நான் குறை கண்ட இடத்தில் மட்டும் திறந்துவிடுகிறேன். ‘குறிப்புகள்’ என்ற பெட்டி ஒவ்வொரு கேள்விக்கும் கீழே கிடந்தால் யாரும் எழுத மாட்டார்கள், அல்லது ‘ஓகே’ என்று எழுதுவார்கள். ஈரக் கையோடு, நின்றுகொண்டு, தமிழில் தட்டச்சு செய்வது எளிதல்ல. குரலில் சொல்லி எழுத்தாக்கும் வசதி போனில் இருக்கிறது, அதைப் பழக்கிவிடுங்கள். அதுவும் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தில் வேலை செய்யாது என்பதால், அடுப்படிக் கேள்விகளில் எழுத்துப் பதிலே வேண்டாம்.

தேதியைத் தேதி வகையிலேயே கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாளும் மாதமும் இடம் மாறும் குழப்பம் அதோடு தீரும், காலாவதிக்கு எத்தனை நாள் மிச்சம் என்று படிவமே கணக்கிடும். ஆனால் எல்லா லேபிளிலும் நாள் இருப்பதில்லை. சில பொருள்களில் மாதமும் ஆண்டும் மட்டும் இருக்கும், சிலவற்றில் ‘தயாரித்த நாளிலிருந்து 6 மாதம்’ என்று இருக்கும். முழுத் தேதியைத்தான் ஏற்பேன் என்று படிவம் பிடிவாதம் பிடித்தால் ஆடிட்டர் 1-ஆம் தேதி என்றோ 30-ஆம் தேதி என்றோ தானாக இட்டு நிரப்புவார். லேபிளில் என்ன வகைத் தேதி இருக்கிறது என்று முதலில் ஒரு தேர்வு வைத்து, அதற்கேற்ற வரியைத் திறப்பது நல்லது.

படம் எப்போது

எல்லா வரிக்கும் படம் கட்டாயம் என்று வைக்கும் நிறுவனங்கள் உண்டு. படங்கள் குவியும், பார்ப்பார் இருக்க மாட்டார்கள். கட்டாயத்துக்காக எடுத்த படத்தில் தரையின் ஒரு மூலை இருக்கும், எந்தச் சமையலறையின் தரை என்றுகூடத் தெரியாது. குறை பதிவாகும்போது படம் கட்டாயம், குறை இல்லாதபோது வேண்டாம். இதுவே என் பொது வழக்கம். விதிவிலக்காக, தெர்மாமீட்டரின் எண் தெரியும்படி உணவோடு சேர்த்து எடுக்கும் படத்தை எப்போதும் கேட்பேன்.

படக் கேள்வியின் வாசகத்தில் எதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ‘படம் இணைக்கவும்’ என்றால் போதாது. ‘லேபிளின் தேதி தெரியும்படி அருகிலிருந்து ஒரு படம்’ என்று சொன்னால் அப்படியே வரும். கேலரியில் இருக்கும் பழைய படத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல், அப்போதே கேமராவில் எடுத்தால்தான் ஏற்கும்படி ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் போன்ற படிவக் கருவிகளில் அமைக்கலாம். படத்தின் அளவையும் அங்கேயே குறைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஆடிட்டரின் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் அம்மாவின் முகம் படத்தில் விழக் கூடாது என்பதையும் படிவத்திலேயே எழுதிவையுங்கள். குறை ஏற்பாட்டில் இருக்கிறது, அவர் முகம் அறிக்கையில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

படிவத்தைக் கட்டும்போது

ஒரு கேன்டீனில் இரண்டு ஃப்ரிட்ஜ், இன்னொன்றில் ஏழு. ‘ஃப்ரிட்ஜ் 1, ஃப்ரிட்ஜ் 2’ என்று ஏழு வரை எழுதிவைத்தால் இரண்டே உள்ள இடத்தில் ஐந்து காலி வரிகளைத் தாண்டிப் போக வேண்டும். எட்டு உள்ள இடத்தில் எட்டாவது ஃப்ரிட்ஜ் ஆடிட்டுக்கே வராது. மீண்டும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் தொகுதியாக அதை அமைக்க வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் இந்த வசதி இல்லை. இணையம் இல்லாமலும் அது வேலை செய்யாது. கேன்டீன்களின் ஸ்டோர் ரூம் பாதி அடித்தளத்தில்தான் இருக்கிறது, அங்கே சிக்னல் கிடைக்காது. சிறிய, ஒரே கடைக்கான தினசரிச் சரிபார்ப்புக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் தாராளமாகப் போதும். பல கிளைகளுக்கான ஆடிட் என்றால் ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் மாதிரி போனிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் கருவிகளுக்குப் போய்விடுங்கள். எக்செல் தாளிலேயே கேள்வி, வகை, கட்டுப்பாடு எல்லாவற்றையும் எழுதிப் படிவமாக்கிவிடலாம் என்பதால் அவற்றைக் கற்றுக்கொள்வது பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கேள்வியை எழுதி ஆடிட்டரே மொழியை மாற்றிக்கொள்ளும்படியும் வைக்கலாம்.

பதிலைப் பொறுத்துக் கேள்விகள் திறந்து மூடும் அமைப்பில் ஒரு எச்சரிக்கை. ‘சரியில்லை’ என்று அழுத்தி, படம் எடுத்து, குறிப்பும் எழுதிய பிறகு, பேச்சுவார்த்தையில் மனம் மாறி ‘சரி’ என்று மாற்றினால், கீழே திறந்திருந்த வரிகள் மூடிக்கொள்ளும். ஓடிகே வகைக் கருவிகளில் படிவத்தை முடிக்கும்போது அந்த மூடிய வரிகளின் பதில்களும் அழிந்துவிடும். எனவே ‘ஆடிட்டின்போதே சரிசெய்யப்பட்டது’ என்ற விடையைத் தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது. கண்ட குறையும் நிற்கும், உடனே திருத்திய மாஸ்டருக்கு அதற்கான மதிப்பும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் கட்டாயக் கேள்வியாக்காதீர்கள். கட்டாயம் என்பது முடிவெடுக்க இன்றியமையாத வரிகளுக்கு மட்டும். மேலும் ‘பார்க்க முடியவில்லை’ என்ற வாசல் இருக்கும் கேள்வியைத்தான் கட்டாயமாக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்யை நாமே கட்டாயப்படுத்துகிறோம்.

மதிப்பெண்ணுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஆய்வு செக்லிஸ்ட்டையே பின்பற்றலாம். உணவகங்களுக்கான அதன் மொத்த மதிப்பெண் 114. அதில் சில வரிகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். உணவுப் பாதுகாப்பை நேரடியாகப் பாதிக்கும் வரிகள் அவை. நட்சத்திர வரியில் தவறினால் கூட்டுத்தொகை எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. டிஜிட்டல் படிவத்தில் இந்த நட்சத்திரத்தைத்தான் பலர் தொலைத்துவிடுகிறார்கள். எல்லா வரிக்கும் சம மதிப்பெண் போட்டுக் கூட்டினால், ஏப்ரன் அழுக்காக இருப்பதும் சமைத்த உணவுக்கு மேலே பச்சைக் கோழி வைத்திருப்பதும் ஒரே எடை பெற்றுவிடும். கூட்டுத்தொகையைக் காட்டும் இடத்துக்கு மேலே, தவறிய நட்சத்திர வரிகளைத் தனியாகக் காட்டும்படி அமையுங்கள். ஒன்று இருந்தாலும் சதவீதத்தையே காட்ட வேண்டாம்.

கேள்விகளின் வரிசை நடக்கும் வழியைப் பின்பற்றட்டும். சரக்கு இறங்கும் வாசல், ஸ்டோர், வெட்டும் மேசை, அடுப்பு, பரிமாறும் இடம், கழுவும் இடம், குப்பை. சட்டத்தின் பிரிவு எண்படி அடுக்கிய படிவத்தில் ஆடிட்டர் ஒரே அறைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். பரிமாறும் இடத்தில் உணவின் சூட்டை மட்டும் பந்தி தொடங்கிய பிறகு, நடுவில் ஒருமுறை அளப்பதுதான் பயன் தரும். தொடங்கும்போது எல்லாமே கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

புதிய படிவத்தைக் களத்தில் இறக்குமுன் நான் செய்யும் சோதனை ஒன்றுண்டு. இரண்டு ஆடிட்டர்களை ஒரே சமையலறைக்கு ஒரே நேரத்தில், ஒருவரோடு ஒருவர் பேசாமல் படிவத்தை நிரப்பச் சொல்லி அனுப்புவேன். பிறகு இருவரின் பதில்களையும் வரிக்கு வரி வைத்துப் பார்ப்போம். வேறுபடும் இடங்களில் யார் சரி என்று நான் கேட்பதில்லை. அங்கே கேள்வியின் வகையோ வாசகமோ சரியில்லை என்று எடுத்துக்கொண்டு மாற்றுவேன். அநேகமாக அவை ‘போதுமான’, ‘முறையான’, ‘நல்ல’ என்ற சொற்கள் உள்ள வரிகளாகவோ, வர்ணனை இல்லாத அளவுகோல்களாகவோ இருக்கும். “போதுமான வெளிச்சம் உள்ளதா?” என்பதற்கு இருவரும் முரண்பட்டால், “வெட்டும் மேசையில் நின்று லேபிளின் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதா?” என்று மாற்றிப் பார்ப்போம். லக்ஸ் மீட்டர் இருந்தால் எண்.

மாற்றும்போது திரைக்குப் பின்னால் இருக்கும் குறியீட்டுப் பெயரைத் தொட வேண்டாம். கேள்வியின் வாசகம் வேறு, தரவில் அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. வாசகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் செப்பனிடலாம். பெயரை மாற்றினால் பழைய மாதங்களின் தரவும் புதிய மாதங்களின் தரவும் தனித்தனி நிரல்களாகப் பிரிந்துபோகும், ஒப்பிட முடியாது. வகையையே மாற்ற வேண்டி வந்தால், ‘சரி / சரியில்லை’யாக இருந்ததை எண்ணாக்கினால், அது புதிய கேள்வி, புதிய பெயரிலேயே தொடங்குங்கள், பழையதை மூடிவிடுங்கள். அந்த மாற்றத்தை வருடத்தின் நடுவில் செய்தால் கிளைகளின் மதிப்பெண் திடீரென்று சரியும், கிளை மேலாளர்கள் பதறுவார்கள். எந்த மாதம் முதல், எந்த வரி, ஏன் என்று முன்கூட்டியே அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் நான் புதிய படிவத்தைத் திறந்துவிடுவேன்.